கெரிட் அடைக்காமல் போன ஓட்டைகள்

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஹெரன் பாயின்ட் என்ற ஊரில், கெரிட் ஹுக்ஸ்ட்ரா தன் வீட்டுப் பின்பக்கக் கதவோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போனார்.

கதவு என்றால் மூன்று கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றும் எட்டடி உயரம், புயல் காற்றுக்குத் தாங்கும் தடித்த கண்ணாடி. ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் தள்ளினால் வீட்டின் முதுகே திறந்துகொள்ளும். கொசுவலை போட்ட வராந்தா, அதற்கப்பால் கால்வாய். கெரிட் முதலில் ஒரு கையால் இழுத்தார். அப்புறம் இரண்டு கையால். அப்புறம் தோளைக் கொடுத்தார். கதவு ஒரு முழம் நகர்ந்தது, கருங்கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது, நின்றுவிட்டது.

லொரீன் ப்ரூயிட் சமையல் மேடையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். கதவு ரிப்பேர்தான் அவள் தொழில். இருந்தும் உதவிக்குப் போகவில்லை. போனால் அவருக்குப் பிடிக்காது.

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்?"

"உள்ளுக்குள்ள சிரிக்கிற. கோப்பை ஆடுது."

"அது உங்க காபியோட வேலை, மிஸ்டர் கெரிட். குடிச்சா யாருக்கும் கை ஆடும்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமாகவே உட்கார்ந்தார். நாளைக் காலை கிளம்புகிறார். குளிருக்குத் தப்பி நவம்பரில் தெற்கே வந்து, ஈஸ்டர் கழிந்ததும் ஊர் திரும்பும் வடக்கத்திக்காரர்களில் அவரும் ஒருவர். மிச்சிகனுக்குக் காரில் இரண்டரை நாள்.

"எழுபத்தி நாலு ஆச்சு, லொரீன். சொந்தக் கதவைத் திறக்க முடியாதவனுக்கு இங்க என்ன வேலை? கண்ணாடி வழியா தண்ணியப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் வரணுமா? அங்கயே டிவியில பாத்துக்கறேன்."

"கதவு மட்டுந்தான் பிரச்சினையா?"

"கதவுதான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"கதவுன்னு சொல்றேன்ல."

லொரீன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "அப்ப நவம்பருக்குள்ள ஒத்தை விரல்ல தள்ற மாதிரி பண்ணி வெக்கறேன். வருவீங்களா?"

"ஒத்தை விரலா?"

"சுண்டு விரல்."

கெரிட் கால்வாயைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு 'பாக்கலாம்'தான் லொரீனுக்கு அடுத்த ஆறு மாதத்துக்குத் துணை.

ஹெரன் பாயின்டில் அவள் பெயர் தெரியாதவர்கள்கூட 'கதவுக்காரி' என்றால் கை நீட்டி வழி காட்டுவார்கள். அறுபத்தியொரு வயது. குட்டையான உருவம், அகலமான தோள். பிறந்தது கடலிலிருந்து நாற்பது மைல் உள்ளே ஆர்க்கேடியாவில், ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில். அப்பா ஆரஞ்சு லாரி ஓட்டினார். வீட்டில் இருந்தது ஒரே கதவு, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. இருபத்திமூன்று வயதில் ட்வேன் என்பவனைக் கட்டிக்கொண்டாள். கதவு ரிப்பேர் அவன் தொழில். கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அந்த ஆள் இவள். பத்தொன்பது வருடம் மறுமுனையைப் பிடித்ததில் தொழில் முழுக்கக் கைக்கு வந்துவிட்டது. விவாகரத்தில் அவன் படகை எடுத்துக்கொண்டான். இவள் வேனையும், கண்ணாடியில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும் நான்கு ரப்பர் பிடிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "படகு ரெண்டாம் வருஷமே முழுகிடுச்சு. வேன் இன்னும் ஓடுது" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கரையில் கதவுகளுக்கு மூன்று விரோதிகள். உப்புக் காற்று கதவின் அடியிலுள்ள ரோலரை அரிக்கும். மணல், ரோலர் ஓடும் டிராக்கை அறுக்கும். மூன்றாவது, வீட்டுக்காரர். கதவு இறுகினால் கையில் கிடைத்த எண்ணெயை டிராக்கில் பீய்ச்சுவார். ஒரு வாரம் வெண்ணெய்போல் ஓடும். பிறகு அந்த எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாளாக மாறும். "எண்ணெய் போட்டீங்களா?" என்பதுதான் எந்த வீட்டிலும் லொரீனின் முதல் கேள்வி. எல்லோரும் இல்லை என்பார்கள். எண்ணெய் டப்பா பூந்தொட்டிக்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

கெரிட் எண்ணெய் போடுகிறவர் இல்லை. மேஜை, அலமாரி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் இழுப்பறைகளுக்குச் சக்கரம் மாட்டியவர். நகரும் பொருளுக்கு எது ஆகாது என்று தெரியும். அவர் செய்த தப்பு வேறு. வடக்கத்திக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். அப்போது அவர் மனைவி ஆர்லீன் உயிரோடு இருந்தாள். லொரீன் போனபோது அந்த அம்மாள் முழங்கால் போட்டு, தரைவிரிப்பின் மேல் துண்டுகளை அழுத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் ஈர நாய் வாடை. கூரை ஒழுகுகிறது என்று கெரிட் அடித்துச் சொன்னார். லொரீன் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வராந்தாப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, கதவுச் சட்டத்தின் அடி விளிம்பில் விரலை ஓட்டினாள்.

அங்கே வரிசையாக ஆறு சிறு ஓட்டைகள் இருக்க வேண்டும். மழை சாய்ந்து அடிக்கும்போது டிராக்குக்குள் இறங்கும் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியே வடியும். ஆறும் வெள்ளை சிலிக்கான் பசையால் அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அடைப்பின் மேலும் அழுத்தமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"இது யார் பண்ணது?"

"நான்தான்," என்றார் கெரிட் பெருமையாக. "போன ஏப்ரல்ல ஊருக்குக் கிளம்பறப்ப. ஆறு ஓட்டையை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான் கதவு மாட்டினவன். சோம்பேறிப்பய."

லொரீன் பையிலிருந்து குத்தூசியை எடுத்து முதல் அடைப்பைக் குத்தினாள். ஒரு கோடைகாலத்து மழை அத்தனையும் அவருடைய தோல் செருப்பின் மேல் பாய்ந்தது. வாடை இரண்டு வீடு தள்ளிப் போயிருக்கும். ஆர்லீன் துண்டைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள்.

"அது தண்ணி வடியற ஓட்டை, மிஸ்டர் கெரிட்."

"ஓட்டைன்னா ஓட்டைதான். எங்க ஊர்ல ஓட்டையை விட்டா காத்து வரும், பனி வரும், எலி வரும். எங்கப்பா பத்திரிகையைச் சுருட்டி அடைப்பார்."

"இங்க பனி வந்தா என்னைக் கூப்பிடுங்க. பாக்கணும்."

அடுத்த வருடமும் அடைத்துவிட்டுத்தான் போனார். அதற்கடுத்த வருடமும். கிளம்பும் அன்று காலையில், பெட்டியெல்லாம் காரில் ஏறிய பின், வராந்தாவில் குந்தி உட்கார்ந்து ஆறு ஓட்டைக்கும் பசை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். பசை காய்ந்ததும் லொரீன் வந்து குத்தி எடுப்பாள். ஆளில்லாத வீடுகளைக் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவள் செய்தாள். குழாயைத் திறந்துவிடுவது, பூஞ்சணம் பார்ப்பது, ரோலர் இறுகாமலிருக்கக் கதவுகளை ஓட்டி வைப்பது. கெரிட் வீட்டில் முதல் வேலை குத்தூசி வேலை. ஓட்டைகளைப் படம் எடுத்து அனுப்புவாள். 'காத்து வரும்' என்று பதில் வரும். அவ்வளவுதான் அவர்களுடைய கடிதப் போக்குவரத்து.

ஆறு வருடத்துக்கு முன் ஆர்லீன் இறந்துபோனாள். அந்த நவம்பரில் கெரிட் தனியாக வந்தார். வேலையே இல்லாத ஒரு கதவைக் காட்டி, "ஏதோ சத்தம் வருது" என்றார். சத்தம் எதுவும் வரவில்லை. லொரீன் பத்து நிமிடம் ரோலரைத் திருகுவதுபோல் பாவனை செய்தாள். பிறகு வராந்தாவில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், காற்றாலை அச்சுப் போட்ட பிஸ்கட்டோடு. அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க, மாலை ஐந்து மணிக்குக் கடைசி வேலையை முடித்துவிட்டு வேன் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அரை மணி நேரம். பேச்சு பெரும்பாலும் மடவை மீனைப் பற்றி. கால்வாயில் மடவைகள் திடீர் திடீரென்று ஒரு முழம் எம்பித் துள்ளும். எதற்காகத் துள்ளுகின்றன என்று இருவருக்கும் ஓயாத சண்டை.

"பேன் கடிக்குது, உதறுது," என்பாள் லொரீன்.

"சந்தோஷத்துல குதிக்குது," என்பார் கெரிட்.

"மீனுக்கு என்ன சந்தோஷம்?"

"உனக்கு என்ன தெரியும்? நீ மீனா?"

இருட்டும் முன் அவள் எழுந்துவிடுவாள். ஒருநாளும் அவர் இரு என்று சொன்னதில்லை. ஒருநாளும் அவள் இருக்கட்டுமா என்று கேட்டதும் இல்லை. ஆர்க்கேடியா சாலையில் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தாள். ஊரெல்லாம் கதவு ஓட்டிக் கொடுத்தவள் வீட்டில் ஓடுகிற கதவு ஒன்றுகூட இல்லை. அங்கே திரும்பும்போது அவள் மனதில் ஓடுவது, அடுத்த நாள் ஐந்து மணிக்கு இன்னும் எத்தனை கதவு பாக்கி என்பதுதான்.

இந்த வருடம் மே மாதம் முதல் தடவையாகப் போய் வராந்தாவில் குந்தி உட்கார்ந்தவள், குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஆறு ஓட்டையும் திறந்திருந்தன. சுத்தமாக, பல் குத்தியதுபோல்.

உடனே நெஸ்டரைக் கூப்பிட்டாள். நெஸ்டர் தாம்பாவிலிருந்து வந்த கியூபாக்காரன், நாற்பத்தைந்து வயது, முன்பு பியானோ தூக்கியவன். பெரிய கண்ணாடிகளுக்கு மறுமுனை இப்போது அவன்.

"ஜெயிச்சுட்டேன்!" என்றாள். "ஒன்பது வருஷம். கிழவர் கடைசில கேட்டுட்டார். ஒண்ணுகூட அடைக்கல!"

"வாழ்த்துக்கள், முதலாளியம்மா. மேயர் கிட்ட சொல்லி ஊர்வலம் வெக்கட்டுமா?"

படம் எடுத்து அனுப்பினாள். 'நன்றி' என்று எழுதினாள். அன்று முழுக்க வேனில் விசிலடித்துக்கொண்டே போனாள். கெரிட்டிடமிருந்து பதில் வரவில்லை. காத்து வரும் என்று எழுத இந்தமுறை காரணம் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலையில் வழக்கமாக ஒரு பெட்டி வரும், மிச்சிகனிலிருந்து, உலர்ந்த செர்ரிப் பழம். வரவில்லை. தபால்காரி இரண்டு தரம் அவள் டிரெய்லரைத் தாண்டிப் போனாள். லொரீன் இரண்டு தரமும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். வேனில் கியருக்குப் பக்கத்துக் குழியில், போன வருடம் குத்தி எடுத்த ஒரு சிலிக்கான் துண்டு கிடந்தது. எறிய மறந்தது. ரேகை தெளிவாகத் தெரியும். சிக்னலில் நிற்கும்போது எடுத்து உருட்டுவாள். பச்சை விழுந்ததும் குழியில் போட்டுவிடுவாள்.

மழைக்காலம் முழுக்க அந்தக் கதவைப் பற்றியே யோசித்தாள். ரோலர் மட்டும் மாற்றினால் போதாது. டிராக்கின் முதுகில் ஒன்பது வருட மணல் பள்ளம் பறித்திருந்தது. புது ரோலரை அந்தப் பள்ளத்தில் விட்டால் ஒரு வருடம் தாங்கும். சுண்டு விரலுக்கு நகராது. டிராக்கின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தொப்பிபோல் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் இரட்டைச் சக்கர ரோலர் இரண்டு. சட்டம் சட்டத்தை உரசும் இடத்தில், காற்றும் மணலும் புகாதிருக்க, புதுத் தூரிகைப் பட்டை. கோடையில் ஊர்க் கதவெல்லாம் புயலுக்கு முன் சரிசெய்யச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அக்டோபர் இரண்டாம் வாரம்தான் இரண்டு நாள் கிடைத்தது.

"இந்தக் கதவுக்கு எதுக்கு இவ்வளவு? வீட்டுக்காரரே ஒண்ணும் கேக்கலையே," என்றான் நெஸ்டர், ரப்பர் பிடியைக் கண்ணாடியில் அழுத்தியபடி.

"நவம்பர்ல வர்றார்."

"சொன்னாரா?"

"பாக்கலாம்னார்."

"என் பொண்டாட்டிகிட்ட நானுந்தான் பாக்கலாம்னு சொல்றேன். குளியலறைக்குப் பெயின்ட் அடிக்கறதைப் பத்தி. அஞ்சு வருஷமா."

"தூக்கறியா, பேசறியா?"

"ரெண்டும் வரும் எனக்கு. ஒண்ணு, ரெண்டு..."

ரோலரைத் தளர்த்தி, கதவை மேல் சட்டத்துக்குள் எம்பவிட்டு, அடியை வெளியே இழுத்தார்கள். மூச்சுப் பிடித்து மரத் தாங்கியில் சாய்த்தார்கள். பழைய ரோலர் நான்கு சுற்றில் கழன்று விழ வேண்டியது. சுத்தியலால் அடித்துத்தான் வந்தது. சக்கரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, துருவில் ஒரு பிறை. இதையா அந்த மனுஷன் தோளால் தள்ளினார் என்று லொரீன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். டிராக்கைத் தூரிகையால் தேய்த்து, தூசி உறிஞ்சி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள். எஃகுத் தகட்டை அளந்து வெட்டி, ரப்பர் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் மூன்றும் ஏறிவிட்டன. மட்டம் பார்த்து ரோலர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகினாள். மூன்றாவது கதவு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.

"நெஸ்டர், கராஜ் அலமாரில மெல்லிசா மரச்சில்லு இருக்கும். கொண்டா."

அவன் போனான். திரும்பி வரும்போது ஒரு கையில் மரச்சில்லு, மறு கையில் சிலிக்கான் டியூப்.

"பாத்தியா முதலாளியம்மா, உன் எதிரி ஆயுதம் வாங்கி ரெடியாத்தான் வெச்சிருந்திருக்கார். மூக்குகூட வெட்டல. புத்தம் புதுசு. கடைச் சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, மார்ச் இருபத்தெட்டு." சிரித்துக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "என்ன?"

லொரீன் டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மார்ச் கடைசியில் வாங்கியிருக்கிறார். அப்படியானால் அடைக்கத்தான் நினைத்திருக்கிறார். ஏப்ரல் கடைசியில் அடைக்கவில்லை. திரும்பி வரப்போகிறவர்தான், வீட்டுக்குள் காற்றும் எலியும் வருமே என்று கவலைப்பட்டு, அப்பாவைப்போல் ஓட்டை அடைப்பார். இந்தத் தடவை அவருக்கு அந்தக் கவலை இருந்திருக்கவில்லை. இவள் ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் விசிலடித்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள். "சில்லைக் குடு."

நெஸ்டர் கொடுத்தான். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், "நல்ல கதவு, லொரீன்" என்றான். பேர் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் மிச்சிகனிலிருந்து கெரிட்டின் மகள் மார்சியா பேசினாள். நல்ல பெண். அவசரத்தில் இருந்தாள்.

"அப்பா இப்ப எங்க வீட்டுலதான் இருக்கார். கை நடுக்கம் ஜாஸ்தியாயிடுச்சு. கார் சாவியை வாங்கி வெச்சுட்டோம், அதுலேர்ந்து எங்க யார் கூடவும் பேசறதில்ல, பூனையோட மட்டும் பேசறார். வீட்டை ஜனவரியில விக்கப் போறோம், லொரீன். பாக்க வர்றவங்க அந்தக் கதவைத் திறந்து பாப்பாங்களாம். திறக்குமா?"

"திறக்கும்."

"சிரமம் இல்லாம?"

"ஒத்தை விரல்ல."

"கடவுள் புண்ணியம். இதை அப்பாகிட்டயும் சொல்லிடறேன்."

"வேண்டாம்," என்றாள் லொரீன். வேகமாகச் சொல்லிவிட்டாள். "நான் காட்டறேன். நவம்பர் முதல் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அவர் கிட்ட போன் இருக்கற மாதிரி பாத்துக்கறியா?"

நவம்பர் முதல் சனிக்கிழமைதான் ஒவ்வொரு வருடமும் அவர் வந்து சேரும் நாள். அன்று லொரீன் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. நான்கு மணிக்கே போய், கண்ணாடியை இருபுறமும் துடைத்தாள். டிராக்கில் ஒரு செத்த பல்லி, எடுத்துப் போட்டாள். இரண்டு நாற்காலிகளையும் வழக்கமான இடத்தில் போட்டாள். ஐந்துக்கு, சாப்பாட்டு மேஜையில் போனை நிமிர்த்தி வைத்து, அழைத்தாள்.

திரையில் முதலில் கூரை தெரிந்தது. பிறகு காது. பிறகு கெரிட். இளைத்திருந்தார். பின்னால் ஜன்னலில் மிச்சிகனின் சாம்பல் நிற வானம். அங்கே அதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"அழுக்கா இருக்க," என்றார்.

"வேலை பண்றவ அழுக்காத்தான் இருப்பா. நீங்க ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கீங்க?"

"குளிப்பாட்டி விடறாங்க. பூனையையும் என்னையும்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நான் சொன்னேனே," என்று லொரீன் விலகி நின்றாள். சுண்டு விரலைக் கதவின் விளிம்பில் வைத்தாள். எட்டடிக் கண்ணாடி, சத்தமே இல்லாமல், தண்ணீரில் படகு போவதுபோல் போனது.

கெரிட் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். "ரோலர் மட்டும் இல்லையே. டிராக்குல என்ன பண்ண?"

"எஃகுத் தொப்பி."

"எத்தனை சக்கரம்?"

"கதவுக்கு நாலு."

"ம்ம்." இழுப்பறைக்காரரின் 'ம்ம்'. "திரும்ப மூடு."

மூடினாள்.

"நான் தள்ளறேன்," என்றார். "நீ கூடவே வா."

அவர் வலது கையைத் தூக்கினார். ஆட்காட்டி விரல் நடுங்கியது. திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அதை மெதுவாக நகர்த்தத் தொடங்கினார். லொரீன் கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். விரல் நின்றபோது கதவு நின்றது. விரல் நடுங்கியபோது கதவும் கொஞ்சம் நடுங்கியது. முதல் கதவு முடிந்தது. கையைக் கீழே போட்டு இளைப்பாறினார். மறுபடி தூக்கினார். மூன்றாவது கதவும் போய் ஒடுங்கியதும், கால்வாய்க் காற்று உள்ளே வந்து மேஜைமேலிருந்த துணியைத் தூக்கியது.

"லேசா இருக்கு," என்றார் கெரிட்.

"சொன்னேன்ல."

"சொன்ன."

வராந்தாவில் அவருடைய நாற்காலியில் போனை சாய்த்து வைத்தாள். தன்னுடையதில் உட்கார்ந்தாள். தண்ணீர் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைக் கம்பத்தில் ஒரு கூழைக்கடா தூங்கியது.

"மிஸ்டர் கெரிட். ஒண்ணு கேக்கணும். ஏன் இந்த வருஷம் ஓட்டையை அடைக்கல?"

"டியூப் காஞ்சு போயிருந்தது."

"அப்படியா."

"புதுசு வாங்கணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"ஓ."

"அதுவும் இல்லாம நீ குத்தி எடுத்துருவ. ஒவ்வொரு வருஷமும் அதே கதை."

"அதே கதைதான்," என்றாள் லொரீன்.

தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

"அது மடவையா?" என்றார் உடனே.

"மடவைதான்."

"பெருசா?"

"என் கை நீளம்."

"சந்தோஷத்துல குதிக்குது."

அவள் வாயெடுத்தாள். பேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆறு வருடமாகச் சொன்ன இடம். சொன்னாள். "பேன் கடிக்குது, மிஸ்டர் கெரிட்."

மிச்சிகனில் கெரிட் வாய்விட்டுச் சிரித்தார். "உனக்கு என்ன தெரியும்?"

மார்சியா சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். "இன்னும் வெளிச்சம் இருக்கா அங்க?"

"இருக்கு."

"அப்ப கொஞ்ச நேரம் இரு," என்றார். "உடனே எழுந்து போயிடாத. எப்பவும் ஓடிடற." திரை அணைந்தது.

லொரீன் இருந்தாள். மடவைகள் நான்கு முறை துள்ளின. வெளிச்சம் போகுமுன் எழுந்து மூன்று கதவுகளையும் மூடி, கொக்கியைப் போட்டு, டிராக்கில் குறுக்காகக் கட்டையை வைத்தாள். பழைய ஹாக்கி மட்டையின் கைப்பிடி அது. கெரிட் அளந்து அறுத்து வைத்தது.

பிறகு கராஜுக்குப் போனாள். டியூப் அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கத்தியால் மூக்கை வெட்டினாள். பக்கத்து வாசல் வழியாகச் சுற்றி வந்து, வராந்தாவில் அவர் குந்தும் இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள், இந்த ஒரு காரியத்துக்காக. வலது கோடியில் ஆறாவது ஓட்டை. ஐந்து திறந்திருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். இனி மே கடைசிவரை மழையும் கிடையாது. வீடு யார் கைக்குப் போனாலும், கதவுக்காரி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். மழைக்கு முன்னால் வந்துதான் ஆக வேண்டும், இதைக் குத்தி எடுக்க.

ஓட்டையில் பசையை வைத்தாள். அழகாக இல்லை; அவர் வைப்பதுபோல் பிதுங்கி வழிந்தது. கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி, பசை இறுகத் தொடங்கும்வரை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.